வடிவங்களின் கதை – 14: யமாபே காணாத குமிழி

ஒசாகா கணித இதழின் 1960-ஆம் ஆண்டுத் தொகுதியில், 21-ஆம் பக்கத்தில் தொடங்கி 37-ஆம் பக்கத்தில் முடிகிறது ஒரு கட்டுரை. எழுதியவர் ஹிடேஹிகோ யமாபே. அதில் அவர் சொன்ன தேற்றம் சரி. அதற்கு அவர் தந்த நிரூபணம் தவறு. தவறென்று தெரிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதைச் சரிக்கட்டி முடிக்க மேலும் பதினாறு ஆண்டுகள். கணிதத்தில் தப்பான நிரூபணங்களுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. ஆனால் இத்தனை பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்த தப்பு அபூர்வம்.

சென்ற இதழில் பரப்புகளோடு நிறுத்தியிருந்தோம். 1907-இல் புவங்கரேயும் கோபேயும் தனித்தனியே நிறுவியதன் சாரம் இது: மூடிய பரப்பு ஒன்று எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும், கோணங்களைக் கெடுக்காமல் அங்கங்கே நீட்டியும் சுருக்கியும் அதை எங்கும் ஒரே வளைவு கொண்டதாக ஆக்கிவிடலாம். கோளத்தின் வகையறாவுக்கு அந்த வளைவு நேர்மறை. உளுந்து வடைபோல் ஓர் ஓட்டை இருந்தால் பூச்சியம். ஓட்டைகள் இரண்டோ அதற்கு மேலோ என்றால் எதிர்மறை. ‘கோணம் கெடாமல்’ என்பதுதான் இங்கே நிபந்தனை. மெர்காடர் 1569-இல் தந்த முறையில் வரைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு போட்டி போடும் அளவுக்கு ஊதிப்போயிருக்கும். ஆனாலும் மாலுமி திசை தவற மாட்டான். ஒவ்வொரு புள்ளியிலும் கோணங்கள் அப்படியே இருக்கின்றன. பரப்பளவைப் பலி கொடுத்துக் கோணத்தைக் காப்பாற்றிய படம் அது.

இதையே மூன்று பரிமாணத்தில் செய்ய முடியுமா?

ஏறிய முதல் படியிலேயே கால் இடறுகிறது. பரப்பில் ஒரு புள்ளியின் வளைவைச் சொல்ல ஓர் எண் போதும். மூன்று பரிமாண வெளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் 6 எண்கள் வேண்டும், நான்கு பரிமாணத்தில் 20. நம் கையில் இருப்பதோ ஒரே ஒரு கருவி: புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு சுருக்குவது என்று சொல்லும் ஒற்றைச் சார்பு. ஒரு கயிற்றால் ஆறு மாட்டைக் கட்ட முடியாது. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த எண்களையெல்லாம் கூட்டிச் சுருக்கினால் ஸ்கேலார் வளைவு என்ற ஓர் எண் கிடைக்கும். அதையாவது எங்கும் மாறிலியாக்கலாமா?

ஸ்கேலார் வளைவு என்றால் என்ன என்பதைப் பந்தின் கொள்ளளவை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு புள்ளியைச் சுற்றி மிகச் சிறிய ஆரத்தில் ஒரு பந்தை எடுத்து அதன் கன அளவை அளக்க வேண்டும். பள்ளிக்கூடச் சூத்திரம் சொல்வதைவிடக் குறைந்தால் அங்கே வளைவு நேர்மறை, கூடினால் எதிர்மறை. ஆரம் 1 கொண்ட முப்பரிமாணக் கோளத்தில் ஸ்கேலார் வளைவு 6. அதற்குள் 0.1 ஆரமுள்ள ஒரு பந்தை எடுத்தால், அதன் கன அளவு யூக்ளிட் கணக்கைவிட ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும்.

யமாபே 1923-இல் ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள ஆஷியாவில் பிறந்தவர். டோக்கியோவில் படித்து, ஒசாகா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1900-இல் பாரிஸில் ஹில்பர்ட் அறிவித்த கணக்குகளில் ஐந்தாவதை உடைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1953-இல் வெளியான அந்த முடிவு இன்றும் கிளீசன்–யமாபே தேற்றம் என்றே வழங்குகிறது. அப்போது அவர் பிரின்ஸ்டனில் இருந்தார். பிறகு மின்னசோட்டா, மறுபடி ஒசாகா, கடைசியாகச் சிக்காகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராகச் சேர்ந்த சில மாதங்களில், 1960 நவம்பரில், பக்கவாதம் தாக்கி இறந்துபோனார். வயது 37. வளைவுக் கட்டுரை வெளியானது அதே ஆண்டில்தான். அவருடைய உண்மையான இலக்கு புவங்கரே ஊகம் என்றும், ஸ்கேலார் வளைவை மாறிலியாக்குவது அந்த ஏணியின் முதல் படி என்றும் சொல்வார்கள். அந்த ஊகம் முடிவில் வேறு ஏணி வழியாகவே எட்டப்பட்டது. பெரல்மான் 2002–03-இல் ரிச்சி பாய்வைக் கொண்டு நிறுவியதை இத்தொடர் பின்னால் தொடும்.

யமாபே கேள்வியைச் சமன்பாடாக மாற்றிய விதம் அழகானது. மூன்று பரிமாணத்தில், தூரம் அளக்கும் விதியான மெட்ரிக்கை ஒரு நேர்மறைச் சார்பின் 4-ஆம் அடுக்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஏன் 4 என்று கேட்டால், அப்படி எடுத்தால்தான் சமன்பாடு சுத்தமாக வரும் என்பதே பதில். இடப்பக்கத்தில் ஒரு வகையீட்டுச் செயலி அந்தச் சார்பின் மேல் இயங்குகிறது. வலப்பக்கத்தில் நாம் விரும்பும் மாறிலியும், அதே சார்பின் 5-ஆம் அடுக்கும். நான்கு பரிமாணத்தில் இந்த அடுக்கு 3, ஆறில் 2. பரிமாணம் ஏற ஏற அது 1-ஐ நோக்கி இறங்கும், ஆனால் 1-ஐத் தொடாது.

இடப்பக்கத்துச் செயலியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாப்லாசியன் நமக்குப் பழைய பரிச்சயம். ஒரு புள்ளியில் சார்பின் மதிப்பு சுற்றுவட்டாரச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்வது அது. வெப்பம் பரவுவதும் ஒலி நடப்பதும் அதன் கணக்கில்தான். ஆனால் மூன்று பரிமாணத்திலும் அதற்கு மேலும், கோணம் காக்கும் மாற்றத்தைச் செய்தவுடன் லாப்லாசியன் உருக்குலைந்துவிடுகிறது. வேண்டாத உறுப்புகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதோடு ஸ்கேலார் வளைவைச் சரியான விகிதத்தில் சேர்த்தால், அந்த வேண்டாதவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகின்றன. விகிதம் மூன்று பரிமாணத்தில் எட்டில் ஒரு பங்கு, நான்கில் ஆறில் ஒரு பங்கு. வளைந்த கால-வெளியில் அலைச் சமன்பாடு எழுதும் இயற்பியலாளர்களும் அதே ஆறில் ஒன்றைச் சேர்க்கிறார்கள், அதே காரணத்துக்காக. இந்தக் கூட்டுச் செயலியைப் புதிய மெட்ரிக்கில் இயக்கினாலும், பழைய மெட்ரிக்கில் இயக்கிவிட்டு ஒரு பெருக்கியால் சரிசெய்தாலும் விடை ஒன்றே. வடிவியலில் இப்படி நம்பகமான செயலிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை.

சமன்பாடு வந்துவிட்டது. தீர்ப்பதற்கு யமாபே போட்ட திட்டம்: 5 என்ற அடுக்கு தகராறு செய்கிறதா, கொஞ்சம் இறக்கிக்கொள்வோம். 4.9 என்று வைத்தால் தீர்வு இருப்பதை நிறுவலாம். அதற்கு வேண்டிய கருவிகள் அப்போதே கையில் இருந்தன. 4.99-க்கும் அப்படியே, 4.999-க்கும் அப்படியே. இனி இந்தத் தீர்வுகளை வரிசையாக நிறுத்தி எல்லையைப் பிடித்தால் 5-க்கான தீர்வு கிடைத்துவிட வேண்டும். கிடைக்கத்தான் வேண்டும், ஒரு நிபந்தனையோடு: வரிசையில் எந்தச் சார்பும் எங்கும் கட்டுமீறி உயரக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உச்சவரம்பு உண்டு என்று யமாபே எழுதினார். அங்கேதான் ஓட்டை.

உச்சவரம்பு இல்லை என்பதற்குச் சாட்சி சாதாரணக் கோளமே. கோளத்தின் வடதுருவத்தில் விளக்கை ஏற்றி அதன் நிழலைக் கீழேயுள்ள தளத்தில் விழச் செய்தால், கோணங்கள் மாறாமல் முழுக் கோளமும் தளத்தில் விரியும். தென்துருவத்தை மையமாக வைத்து அந்தத் தளத்தை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிவிட்டு, அதே வழியில் கோளத்துக்குத் திரும்ப வேண்டும். தென்துருவத்தை ஒட்டியிருந்த ஒரு துளி இடம் இப்போது கோளத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிட்டிருக்கும். மற்றதெல்லாம் நசுங்கி வடதுருவத்தின் பக்கம் ஒதுங்கியிருக்கும். இத்தனைக்கும் கிடைத்த மெட்ரிக் பழைய கோளத்துடையதுதான்; ஸ்கேலார் வளைவு எங்கும் அதே மாறிலி. அதாவது இதுவும் யமாபே சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு. ஆனால் அந்தச் சார்பு ஒரு புள்ளியில் ஊசிபோல் உயர்ந்து, மற்ற இடங்களில் ஏறக்குறையப் பூச்சியமாகக் கிடக்கிறது. ஆயிரத்துக்குப் பதில் பத்து லட்சம் மடங்கு என்றால் இன்னும் உயரம். முடிவே கிடையாது.

இப்படி ஒரு புள்ளியில் திரண்டு நிற்கும் தீர்வுக்குக் குமிழி என்று பின்னால் பெயர் வந்தது. இன்று இத்துறையில் நுழையும் ஆராய்ச்சி மாணவருக்கு முதலில் சொல்லித்தரப்படும் எச்சரிக்கையே அதுதான். 1960-இல் அப்படி ஒரு எச்சரிக்கை கிடையாது. அந்த வரியில் யமாபேயைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைப்பது அநியாயம். அவர் வழுக்கிய பிறகுதான் அங்கே பாசி இருப்பதே தெரிந்தது.

கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியரான நீல் ட்ரூடிங்கர். 1968-இல் பீசா உயர்கல்விப் பள்ளியின் இதழில் அவர் கட்டுரை வந்தபோது வயது 26. பிழையைச் சுட்டியதோடு நில்லாமல் பாதி வீட்டைத் தூக்கியும் நிறுத்தினார். ஒவ்வொரு வெளிக்கும் அதன் கோண அமைப்பை மட்டும் பொறுத்த ஓர் எண் உண்டு; கன அளவை ஒரே அளவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மொத்த ஸ்கேலார் வளைவை எவ்வளவு குறைக்க முடியும் என்பது அது. இப்போது அதற்கு யமாபே மாறிலி என்று பெயர். அந்த எண் எதிர்மறையாகவோ பூச்சியமாகவோ இருந்தால் குமிழி எழ வழியில்லை. யமாபேயின் திட்டம் செல்லும். சிறிய நேர்மறை எண் என்றாலும் செல்லும். மிச்சம் நின்றது பெரிய நேர்மறை எண்கள்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1976-இல் பிரான்ஸின் தியெரி ஓபான் ஒரு வரம்பைக் கண்டார். எந்த வெளியின் யமாபே எண்ணும் அதே பரிமாணக் கோளத்தின் எண்ணைத் தாண்டாது. மூன்று பரிமாணத்தில் கோளத்தின் எண் சுமார் 43.8. ஒரு வெளியின் எண் அதைவிட ஒரு இம்மியாவது குறைவாக இருந்தால் போதும், குமிழி எழாது, தீர்வு உண்டு. காரணம் இதுதான்: ஒரு குமிழியை எழுப்ப ஆகும் செலவு கோளத்தின் எண்ணுக்குச் சமம், கையிருப்பு அதைவிடக் குறைவென்றால் குமிழிக்குக் காசு பற்றாது. இந்தச் செலவைத் துல்லியமாகக் கணக்கிடத் தேவைப்பட்டது சோபொலெவ் சமனிலியின் மிகச் சிறந்த மாறிலி. அதை அதே 1976-இல் ஓபானும் இத்தாலியின் ஜார்ஜோ தலெந்தியும் தனித்தனியே கண்டிருந்தார்கள்.

இனி ஒரே வேலைதான் பாக்கி: கோளம் அல்லாத ஒவ்வொரு வெளிக்கும் எண் கோளத்தினுடையதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டும். குறைவு என்று காட்ட உதாரணச் சார்பு ஒன்று போதும். ஓபான் குமிழியையே உதாரணமாக எடுத்தார். எந்தப் பேய் நிரூபணத்தைக் கெடுத்ததோ அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார். வெளியின் ஒரு புள்ளியில் சின்னஞ்சிறு குமிழியை நட்டு, அதன் செலவைக் கணக்கிட்டார். அந்தப் புள்ளியில் வைல் வளைவு பூச்சியமில்லை என்றால் – கோணம் காக்கும் எந்த மாற்றத்துக்கும் மசியாத வளைவின் பங்கு அது, 1918-இல் ஹெர்மன் வைல் பிரித்தெடுத்தது – குமிழியின் அகலத்தினுடைய 4-ஆம் அடுக்கின் அளவுக்குச் செலவு குறைகிறது. ஆனால் குமிழிக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. வெளியெங்கும் பரவும் அந்த வாலின் விளைவோ அகலத்தின் வேறொரு அடுக்கில் வருகிறது. பரிமாணத்திலிருந்து 2-ஐக் கழித்தால் அந்த அடுக்கு கிடைக்கும். ஏழு பரிமாணத்தில் அது 5-ஆம் அடுக்கு. அகலம் 0.01 என்றால் 4-ஆம் அடுக்கு நூறு மடங்கு பெரிது. வாலைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆறில் இரண்டும் 4 என்று இழுபறியாக நின்றாலும், வைல் வளைவின் பங்கோடு ஒரு மடக்கை கூட வந்து ஒட்டுவதால் கணக்கு தேறுகிறது. ஆக ஆறும் அதற்கு மேலும் முடிந்தது, எங்காவது ஒரு புள்ளியில் வைல் வளைவு இருக்கும் வெளிகளுக்கு.

ஐந்து, நான்கு, மூன்று பரிமாணங்களில் கதை தலைகீழ். வால்தான் பெரிது. உள்ளூர்க் கணக்கு பயனில்லை. வெளி முழுவதையும் அறிந்தால்தான் வாலின் விளைவைச் சொல்ல முடியும். மூன்று பரிமாணத்திலோ வைல் வளைவு என்பதே கிடையாது. நாம் வாழும் பரிமாணங்கள்தான் கடைசிவரை முரண்டு பிடித்தன.

அந்த வாலைப் பிடித்தவர் ரிச்சர்ட் ஷோன். ஆண்டு 1984. பிடித்த கயிறு வந்தது ஈர்ப்பியலிலிருந்து.

ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் ஒரு நட்சத்திரத்தின் மொத்த நிறையை எப்படி அளப்பது? ஈர்ப்புப் புலத்துக்கே ஆற்றல் உண்டு என்பதால், பொருளின் நிறையை மட்டும் கூட்டினால் கணக்கு உதைக்கும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்னோவிட், டெசர், மிஸ்னர் ஆகிய மூவர் ஒரு வழி சொன்னார்கள். வெகுதூரம் விலகிப் போய், அங்கே வெளி தட்டையாக இருப்பதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் அதுவே நிறை. இந்த நிறை எதிர்மறையாக வரவே கூடாது. வந்தால் ஈர்ப்பியலே குட்டிச்சுவர். ஆற்றல் கீழே போய்க்கொண்டே இருக்கலாம். வராது என்று இயற்பியலாளர்கள் நம்பினார்கள், நிரூபணம் இல்லாமல். 1979-இல் ஷோனும் ஷிங்-டுங் யாவும் சோப்புப் படலங்களைப் போன்ற மீச்சிறு பரப்புகளைக் கொண்டு அதை நிறுவினார்கள்: பொருளின் ஆற்றல் அடர்த்தி எங்கும் எதிர்மறையாக இல்லை என்றால் மொத்த நிறையும் எதிர்மறையாகாது, நிறை பூச்சியம் என்றால் அது வெறும் தட்டை வெளிதான். 1981-இல் எட்வர்ட் விட்டன் ஸ்பினார்களைக் கொண்டு முற்றிலும் வேறு நிரூபணம் தந்தார்.

இதற்கும் யமாபேக்கும் என்ன உறவு? ஷோன் மூடிய வெளியில் ஒரு புள்ளியை எடுத்தார். நாம் மேலே பார்த்த அந்தக் கூட்டுச் செயலிக்கு, அந்தப் புள்ளியில் முடிவிலிக்கு உயரும் கிரீன் சார்பு ஒன்று உண்டு. அதை வைத்து மெட்ரிக்கைப் பெருக்கினால் அந்தப் புள்ளி முடிவிலிக்குத் தள்ளப்பட்டு, மூடிய வெளி திறந்துகொள்கிறது. தூரத்தில் தட்டையாகிற, ஸ்கேலார் வளைவு எங்கும் பூச்சியமான ஒரு வெளி. ஈர்ப்பியலாளர் பார்த்தால் இது தனித்து நிற்கும் ஒரு பொருளின் புலம் என்பார். மூன்று பரிமாணத்தில் கிரீன் சார்பை அந்தப் புள்ளிக்கருகே விரித்தெழுதினால், தூரத்தின் தலைகீழுக்கு அடுத்தபடியாக ஒரு மாறிலி வரும். ஓபானின் கணக்கில் வாலின் விளைவைத் தீர்மானிப்பது அந்த மாறிலி. அதுவேதான் அந்த வெளியின் நிறையும். நிறை நேர்மறை என்றால் குமிழியின் செலவு கோளத்தைவிடக் குறைகிறது. பூச்சியம் என்றால் தொடங்கிய வெளியே கோளம். எப்படிப் பார்த்தாலும் தேற்றம் நிற்கிறது. ஆறிலும் அதற்கு மேற்பட்ட பரிமாணங்களிலும் வைல் வளைவு எங்குமே இல்லாத வெளிகளை ஓபான் விட்டுவைத்திருந்தார் அல்லவா, அவையும் இதே வலையில் விழுந்தன. 1989-இல் அமெரிக்கக் கணிதக் கழகம் ஷோனுக்கு போஷர் பரிசை அளித்தபோது இந்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

தீர்வு உண்டு என்றாகிவிட்டது. எத்தனை உண்டு? யமாபே எண் எதிர்மறை என்றால் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றபடி ஒன்றே ஒன்று. நேர்மறை என்றால் கூட்டம். வட்டத்தையும் கோளத்தையும் பெருக்கிக் கிடைக்கும் வெளியில் வட்டத்தை நீட்டிக்கொண்டே போனால் தீர்வுகளின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும் என்று ஷோனே காட்டினார். அப்படியும் கோளத்தைத் தவிர மற்ற வெளிகளில் தீர்வுகள் கட்டுக்குள் அடங்கும், குமிழிகளாய் எகிறிப் போகாது என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எல்லோரும் அதையே நம்பினார்கள். 2008-இல் சைமன் பிரெண்ட்லே 52-உம் அதற்கு மேற்பட்டதுமான பரிமாணங்களில் அது பொய் என்று காட்டும் வெளிகளைக் கட்டினார். அடுத்த ஆண்டு அவரும் பிரேசிலின் ஃபெர்னாண்டோ மார்க்கேஸும் சேர்ந்து அதை 25 வரை இறக்கிவிட்டார்கள். அதே 2009-இல் கூரி, மார்க்கேஸ், ஷோன் மூவரும் 24 வரை எதிர்பார்ப்பு சரியே என்று நிறுவினார்கள். இருபத்துநான்கில் மெய், இருபத்தைந்தில் பொய். ஒரு கணக்கின் குறி அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே மாறுகிறது என்பதைத் தவிர இதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவுமில்லை. வடிவியலில் இவ்வளவு விசித்திரமான எல்லைக்கோடு வேறெங்கும் இருப்பதாகத் தோன்றவில்லை.

குமிழியும் யமாபேயோடு நிற்கவில்லை. ஜோனதன் சாக்ஸும் கேரன் உலென்பெக்கும் 1981-இல் கோளங்களை வேறு வெளிகளுக்குள் மீச்சிறு பரப்பாகப் பொருத்த முயன்றபோது அதே நிகழ்வு குறுக்கிட்டது. அவர்கள் அதை எதிரியாகப் பார்க்காமல் தங்கள் தேற்றத்தின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்கள். 2019-இல் ஏபெல் பரிசு பெற்ற முதல் பெண் உலென்பெக்.

யமாபேயின் செயலி லாப்லாசியனை ஒரு முறை பயன்படுத்துகிறது. இரண்டு முறை பயன்படுத்தி, அதே நம்பகத்தோடு நிற்கும் செயலி உண்டா? உண்டு என்று 1983-இல் ஸ்டீஃபன் பானைட்ஸ் என்ற இளைஞர் ஒரு கைப்பிரதியில் எழுதினார். அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். கைப்பிரதி அச்சேறியது 2008-இல். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் டாமஸ் பிரான்சன் அந்தச் செயலியிலிருந்து ஒரு புதிய வளைவையே எடுத்துவிட்டார், ஆலிஸ் சாங்கும் பால் யாங்கும் அதை வைத்து நான்கு பரிமாணத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அந்த வளைவின் பெயர் ஒற்றை எழுத்து. அதைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)